கிளினிக் கொப்பியில் இரண்டு சொற்கள்

2023 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சை கிளினிக்கில் வாப்பாவின் கதிரைக்குப் பின்னால் நின்றுகொண்டு "தேருணா" என்றேன். சிங்களத்தில் 'விளங்கிட்டு' என்று அர்த்தம். டொக்டர் இரண்டு மூன்று நிமிடம் பேசியிருப்பார். அதில் எனக்குப் பிடிபட்டது மூன்றே விஷயம்: ரத்தம் இளக்குகிற குளிசை, ஏழு நாள், நிப்பாட்டு. மிச்சமெல்லாம் மின்விசிறிச் சத்தத்தோடு போய்விட்டது. அவர் நிமிர்ந்து பார்த்து, "தேருணாத?" என்று கேட்டார். வெளியே வரிசை வாசல் தாண்டி நின்றது. நர்ஸ் மிஸ்ஸி அடுத்த கொப்பியைக் கையில் எடுத்துவிட்டார். நான் தலையையும் ஆட்டி, "தேருணா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விளக்க, நான் யார் என்று சொல்ல வேண்டும். கற்பிட்டிக் கரையில் இருக்கும் எங்கள் ஊர் கண்டக்குழியில் என்னை 'சேர்' என்பார்கள். தமிழ்மூலப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். எங்கள் பக்கம் காகிதம் என்று எது வந்தாலும் கடைசியில் அது என் வீட்டு முன்விறாந்தைக்குத்தான் வரும். கரண்ட் பில், கடவுச்சீட்டு விண்ணப்பம், பிரதேச செயலகக் கடிதம், அந்த ஜூலையில் புதிதாக வந்த அஸ்வெசும நிவாரணப் படிவம். இவற்றோடு மருந்துப் பொட்டலங்களும் வரும். கடலுக்குப் போகிறவர்கள், கருவாடு போடுகிறவர்கள், மணல் தோட்டத்தில் மிளகாயும் வெங்காயமும் போடுகிறவர்கள். கிளினிக்கில் கொடுத்த கடதாசி உறையை நீட்டி, "சேர், இது காலையிலயா ராவைக்கா?" என்பார்கள். நான் வாசித்துச் சொல்வேன். இங்கிலீஷ் வாசிக்க வரும். சிங்களம் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ஆனால் வேகமாகப் பேசினால் பிடிபடாது. அந்தக் கடைசி விஷயம் ஊருக்குத் தெரியாது. அன்று கிளினிக் வரிசையில் எங்கள் ஊர் ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள்.

இதுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதும் இல்லை.

வாப்பா அறுபத்தேழு வயது வரை கடலில் இருந்தவர். 2021 நவம்பரில் ஒரு விடியற்காலை, மணலில் வள்ளத்தைத் தள்ளும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கொழும்புக்குக் கொண்டுபோய், அடைத்த குழாய்க்குள் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். பேனா ஸ்பிரிங்கைப் போன்ற சின்னக் கம்பிக் கூடு அது. அன்றிலிருந்து அவருக்கு ஒரு பிஸ்கட் டின் நிறையக் குளிசை.

அடுத்த வருடம் பொருளாதார நெருக்கடியில் நாட்டுக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலையிலேயே திட்டமிட்ட ஒப்பரேஷன்களை நிறுத்தி வைத்தார்கள். எங்கள் கரையில் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கவிழ்த்துக் கிடந்தன. கிளினிக்கில் சில குளிசை இருக்கும், சிலவற்றுக்கு வெளியே வாங்கச் சொல்லித் துண்டு தருவார்கள். அப்போது நாங்கள் எல்லோரும் ஒரு கெட்ட பழக்கம் பழகினோம். ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது, பாதியாக உடைப்பது, இந்த வாரம் இதை விட்டு அதை வாங்குவது. ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றியது. குளிசை என்பது இழுத்தால் நீளும் ரப்பர் என்று நினைத்துக்கொண்டோம். நான் அப்படித்தான் நினைத்தேன்.

குடலிறக்கம் வாப்பாவுக்குப் பல வருடமாக இருந்தது. கரைவலை இழுத்த உடம்புகளில் அது புதிதல்ல. இடுப்பில் துணி கட்டிக்கொண்டு சமாளித்தார். 2023இல் அது பெரிதாகி, இருமினால் வலிக்கத் தொடங்கியது. திகதி கிடைத்தது. அடுத்த புதன்கிழமை ஒப்பரேஷன், செவ்வாய் பகல் வாட்டில் சேர வேண்டும். அதற்காகத்தான் அந்த ஏழு நாள்.

வீட்டுக்கு வந்ததும் வாப்பா பாயில் உட்கார்ந்து பிஸ்கட் டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "என்ன மகன் சொன்னாரு? எத நிப்பாட்டுற?"

டின்னுக்குள் ஐந்து உறையும் ஒரு கறுப்புக் கண்ணாடிப் போத்தலும். போத்தல் எது என்று எனக்குத் தெரியும், நெஞ்சு வலித்தால் நாக்குக்கடியில் வைப்பது. மிச்ச ஐந்தின் பெயர்களையும் என்னால் வாசிக்க முடிந்தது. அஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், பிசோப்ரோலோல், லோசார்டன், அட்டோவாஸ்டடின். எங்கள் நாட்டுக் கிளினிக் உறையில் கம்பெனிப் பெயர் இருக்காது, மருந்தின் பெயர்தான் இருக்கும். பேராசிரியர் சேனக பிபிலை 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கியதிலிருந்து அவர் போராடியது இதற்குத்தான். கம்பெனிகள் சூட்டும் ஆயிரம் பெயரில் ஏழை மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கு. பெயரை வாசிக்கிறவன் அர்த்தம் தெரியாமல் வாசித்தால் என்ன செய்வது என்று அவர் யோசித்திருக்க நியாயமில்லை.

ரத்தம் இளக்குகிறது அஸ்பிரினா, க்ளோபிடோக்ரெலா? இரண்டும் என்று எங்கோ கேட்ட நினைவு. இரண்டில் ஒன்றையா நிப்பாட்டச் சொன்னார், இரண்டையுமா? பிரஷர் குளிசையும் ரத்தத்தோடு சம்பந்தப்பட்டதுதானே? கற்பிட்டி ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்தகத்தில் கேட்டால் ஐந்து நிமிட வேலை. போகவில்லை. அங்கே நிற்பவரின் மகன் என்னிடம் படிக்கிறான். கட்டாரில் இருக்கும் மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன், அவன் அங்கே லொறி ஓட்டுகிறான். "ஒப்பரேஷன்னா எல்லாத்தையும் நிப்பாட்டுறதுதான் மச்சான் சேஃப்" என்றான். எனக்கு வேண்டிய பதில் வந்துவிட்டது.

"எல்லாத்தையும் நிப்பாட்டச் சொன்னாரு வாப்பா," என்றேன்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். "எல்லாத்தையுமா?"

"ஓம். எல்லாத்தையும்."

டின்னை மூடி, அலுமாரிக்கு மேலே நானே வைத்தேன்.

அந்த ஐந்து உறைகளில் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று பிறகு படித்தேன். அதைச் சொல்லாமல், நான் செய்தது என்ன என்று விளங்காது.

ரத்தத்தில் தட்டுக்கள் என்று சின்னஞ்சிறு துணிக்கைகள் இருக்கின்றன. காயம் பட்ட இடத்தில் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு அடைப்பவை அவைதான். க்ளோபிடோக்ரெல் அவற்றின் ஒட்டும் குணத்தைக் கெடுக்கிறது. ஒரு தட்டு கெட்டால் அதன் ஆயுள் முடியும்வரை கெட்டதுதான். ஆயுள் ஏழு முதல் பத்து நாள். குளிசையை நிறுத்தினால் ஒவ்வொரு நாளும் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு புதுத் தட்டுக்கள் வரும். அதனால்தான் ஐந்து நாள், ஏழு நாள் என்று கணக்கு. இது பயமுறுத்தச் சொல்லும் எண் இல்லை, கூட்டிப் பார்த்த எண். கணித ஆசிரியனான எனக்கு இது முதலில் விளங்கியிருக்க வேண்டும். குடலிறக்கத்துக்கு வழக்கமாக முதுகெலும்பில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்க வைப்பார்கள். தட்டுக்கள் வேலை செய்யாத உடம்பில் அந்த ஊசி முனையில் ரத்தம் கசிந்து உள்ளே தேங்கினால், முள்ளந்தண்டு நரம்பை அமுக்கிக் கால் இரண்டும் போய்விடலாம். அபூர்வம்தான். ஆனால் போனால் போனதுதான்.

அஸ்பிரினும் தட்டுக்களைத்தான் கெடுக்கிறது, கொஞ்சம் மென்மையாக. அதோடு முதுகில் ஊசி போடலாம். ஸ்டென்ட் இல்லாத ஆளுக்கு ஒப்பரேஷன் சமயத்தில் அஸ்பிரின் பெரிய உதவி செய்வதில்லை, ரத்தப்போக்கைத்தான் கூட்டுகிறது என்று 2014இல் பத்தாயிரம் நோயாளிகளை வைத்துச் செய்த பொய்ஸ்-2 ஆய்வு சொன்னது. ஆனால் நெஞ்சில் கம்பிக் கூடு உள்ளவர் கதை வேறு. அவர்களுக்கு அஸ்பிரினைத் தொடர்வதே வழக்கம். இரண்டு குளிசையையும் ஒன்றாக நிறுத்தினால் அந்தக் கம்பிக்குள் ரத்தம் உறைந்து, ஒரு நொடியில் பழைய நவம்பர் காலை திரும்பி வரலாம். நான் இரண்டையும் ஒன்றாகத்தான் நிறுத்தினேன்.

லோசார்டனைச் சில மயக்க மருந்து டொக்டர்கள் முதல் நாளோடு நிறுத்தச் சொல்வார்கள், மயக்கத்தில் பிரஷர் அளவுக்கு மீறி இறங்காமல் இருக்க. ஒருநாள், ஏழு நாள் இல்லை. அட்டோவாஸ்டடினை நிறுத்தவே தேவையில்லை.

பிசோப்ரோலோல்தான் என் மேல் கை வைத்தது. சரியாகச் சொன்னால் வாப்பா மேல்.

அது பீட்டா அடைப்பான் என்ற வகை. பயம், ஓட்டம், வலி எது வந்தாலும் உடம்பில் அட்ரினலின் சுரந்து இதயத்தை வேகமாக ஓடு என்கிறது. இதயத்தில் அந்தச் சொல்லைக் கேட்கும் காதுகள் இருக்கின்றன. இந்தக் குளிசை காதுகளைப் பொத்திவிடும். ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளக் 1960களில் இந்த வகையில் ப்ரோப்ரானோலோலைக் கண்டுபிடித்தார். 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இதற்கும் பங்கு உண்டு. ஆனால் மாதக்கணக்கில் காதைப் பொத்தி வைத்தால், இதயம் கேட்பதற்காக இன்னும் கூடுதலான காதுகளை முளைக்க வைக்கிறது. திடீரென்று கையை எடுத்தால், முன்னைவிட அதிகக் காதுகளில் அதே சத்தம் விழும். குளிசை தொடங்குவதற்கு முன்பு இருந்ததைவிட மோசமாக அடிக்கும். 1970களின் நடுப்பகுதியிலேயே டொக்டர்கள் இதைப் பார்த்து எழுதிவைத்துவிட்டார்கள். நிறுத்த வேண்டுமானால் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. அது எனக்கு இன்னும் வியப்பு. இவ்வளவு நல்ல குளிசையென்றால் ஒப்பரேஷனுக்குப் போகும் எல்லா இதய நோயாளிக்கும் அன்று காலையே கொடுத்தால் என்ன என்று 2008இல் பார்த்தார்கள். எட்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள், முதலாவது பொய்ஸ் ஆய்வு. மாரடைப்பு குறைந்தது, ஆனால் பாரிசவாதமும் சாவும் கூடின. திடீரென்று தொடங்கினாலும் ஆபத்து, திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. இந்தக் குளிசைக்கு அவசரக்காரனைப் பிடிக்காது போலும்.

இதெல்லாம் வாப்பாவின் உடம்புக்கு, வாப்பாவின் ஸ்டென்டுக்குச் சொன்னது. இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் வீட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம். பிரித்தவன் கதைதான் இது.

நாலாம் நாள் இரவு வாப்பா என்னைக் கூப்பிட்டார். சோழகம் உரத்து அடிக்கிற காலம். பகலில் வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் பறப்பார்கள், இரவில் அந்தக் காற்று தகரத்தைப் பிடுங்கும். வாப்பா விறாந்தையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நெஞ்சு பட படண்டு அடிக்கிது மகன். படுத்தா காதுக்குள்ள கேக்குது."

கையைப் பிடித்துப் பார்த்தேன். நாடியை எண்ணத் தெரியும். எண்ணவில்லை. "ஒப்பரேஷன் பயம் வாப்பா. எல்லாருக்கும் வாறதுதான்," என்றேன்.

"எனக்குக் கடல்லயே பயம் வந்ததில்ல," என்றார். பிறகு, கொஞ்சம் பொறுத்து, "அந்தச் சின்ன வெள்ளக் குளிசைய மட்டும் போட்டா என்ன? அது போட்டா நெஞ்சு அடங்கும்."

அவருக்கு எழுத்துத் தெரியாது. எந்தக் குளிசை எதற்கு என்று நிறத்தையும் உருவத்தையும் வைத்து, தன் உடம்பை வைத்து, அவர் கற்றிருந்தார். சின்ன வெள்ளைக் குளிசைதான் பிசோப்ரோலோல். அந்த வீட்டில் அன்று இரவு மருந்து தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"டொக்டர் போட வேணாண்டு சொன்ன," என்றேன். மூன்றாவது பொய். முதலாவது "தேருணா", இரண்டாவது "எல்லாத்தையும்".

அவர் தலையாட்டிவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை வான் பிடித்துப் போனோம். கண்டக்குழியிலிருந்து நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியைத் தாண்டி, பாலாவிச் சந்தி வரை வாப்பா ஒன்றும் பேசவில்லை. உம்மா கிளினிக் கொப்பியை உப்புக்காற்றுப் படாமல் பொலித்தீன் பையில் சுற்றி ரப்பர் பாண்ட் போட்டுத் தந்திருந்தார். வாட்டில் சேர்த்ததும் மிஸ்ஸி கொப்பியைக் கேட்டார். அப்போதுதான், ஒரு வாரத்துக்குப் பிறகு, நான் பையைப் பிரித்தேன். கடைசிப் பக்கத்தில் அந்த டொக்டர் எழுதியிருந்தார். இங்கிலீஷில். டொக்டர்மார் எழுத்துக்கு அது வெகு தெளிவான எழுத்து. க்ளோபிடோக்ரெலை மட்டும் ஏழு நாளுக்கு முன் நிறுத்தவும். மற்ற எல்லாவற்றையும் தொடரவும். 'மற்ற எல்லாவற்றையும்' என்பதற்குக் கீழே கோடு போட்டிருந்தார்.

இந்த வாக்குமூலத்தை எழுத உட்கார்ந்தபோது என் பேனா முதலில் ஓடியது மொழிப் பிரச்சினைப் பக்கம். 1956 தனிச் சிங்களச் சட்டம், 1987இல் 13ஆவது திருத்தத்தில் தமிழும் அரசகரும மொழியானது, இருந்தும் ஆஸ்பத்திரி மேசைக்கு அது இன்னும் ஒழுங்காக வந்து சேராதது. எல்லாம் உண்மை. தமிழ் மட்டும் தெரிந்த எத்தனையோ பேர் அந்த மேசைக்கு முன்னால் நின்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வருகிறார்கள். இரண்டு பக்கம் எழுதினேன், நன்றாகவே வந்தது. கிழித்தேன். கோடு போட்ட அந்த வரி எனக்குத் தெரிந்த மொழியில், என் கைப்பைக்குள், ஏழு நாள் இருந்தது.

அரை மணித்தியாலத்தில் மயக்க மருந்துப் பகுதியிலிருந்து ஒரு டொக்டர் வந்தார். இளம் பெண். கிழக்குப் பக்கத்துத் தமிழ். வாப்பாவை "ஐயா" என்று கூப்பிட்டு, கட்டிலில் உட்கார்ந்து, பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார். மாடி ஏறினால் மூச்சு வாங்குமா, பொய்ப்பல் உண்டா, முன்பு மயக்க மருந்து எடுத்திருக்கிறீர்களா. பிறகு என்னைப் பார்த்து: "குளிசையெல்லாம் எப்படிப் போட்டவர்?"

தமிழில் கேட்டார். விளங்கவில்லை என்று சொல்ல வழியில்லை. அவசரப்படுத்த வரிசையும் இல்லை. எங்கள் ஊர் ஆள் எவரும் பக்கத்திலும் இல்லை.

"க்ளோபிடோக்ரெல் மட்டும் ஏழு நாளைக்கு முந்தி நிப்பாட்டின டொக்டர். மத்ததெல்லாம் ஒழுங்காப் போட்டார்," என்றேன். அரை மணித்தியாலத்துக்கு முன் கொப்பியில் வாசித்ததைப் பாடம் ஒப்புவித்தேன். பரீட்சையில் பார்த்து எழுதும் பையன்களை நான் எத்தனை முறை பிடித்திருக்கிறேன். அவர்கள் விடையும் இப்படித்தான் அளவுக்கு மீறிச் சரியாக இருக்கும்.

அவர் வாப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தபடியே இருந்தார். பிறகு இயந்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார். நாடி 118. பிரஷர் 180க்கு மேல். "பிசோப்ரோலோல் போடுறவருக்கு இப்படி இராதே," என்று சொல்லிவிட்டு மறுபடி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கேள்விதான். "காலையிலயும் போட்டவரா?"

நான் வாயைத் திறக்குமுன் வாப்பா சொன்னார்: "நான்தான் மறந்துட்டேன் மகள். மகன் தந்தான். நான்தான் போடல்ல. வயசு போன மனுசன்."

பொய் சொல்லத் தெரியாத மனிதர். முகத்தை நிலத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு சொன்னார். அந்த இளம் டொக்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கட்டில் கம்பியைப் பார்த்தேன்.

ஈசிஜி எடுத்தார்கள், அதில் மாற்றம் இருந்தது. ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். மாரடைப்பு இல்லை என்று இரவு எட்டு மணிக்குத்தான் தெரிந்தது. அந்த ஆறு மணித்தியாலத்தைப் பற்றி எழுத முயன்றேன், முடியவில்லை. ஒப்பரேஷன் ரத்தானது. காலையில் பெரிய டொக்டர் வந்து, கட்டிலடியில் நின்று, வாப்பாவுக்கு ஏசினார். சிங்களத்தில்தான், ஆனால் ஏச்சு விளங்க மொழி தேவையில்லை. உங்களுக்கு உங்கள் உயிர் மேல் அக்கறை இல்லையா, எத்தனை பேர் இந்தத் திகதிக்குக் காத்திருக்கிறார்கள் என்ற மாதிரி. வாப்பா "ஒவ் மாத்தயா, ஒவ் மாத்தயா" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். எழுபது வயதை நெருங்குகிற மனிதர், குடலிறக்கத்தைக் கையால் தாங்கியபடி. நான் பக்கத்தில் நின்றேன். ஒரு வசனம் போதும். அதைச் சொல்லவில்லை.

துண்டு வெட்டித் தந்தபோது கொப்பியிலும் எழுதித் தந்தார்கள். வான் ஏறிய பிறகு வாப்பா கேட்டார்: "என்ன மகன் எழுதி ஈக்கிது?"

திறந்து பார்த்தேன். குளிசை பெயர்களுக்கும் திகதிக்கும் மேலே இரண்டு சொல். 'புவர் கொம்ப்ளயன்ஸ்'. சொன்னபடி மருந்து எடுக்காத ஆள் என்று அர்த்தம். நோயாளியின் பெயரோடு ஆயுளுக்கும் போகும் முத்திரை அது. அடுத்து யார் அந்தக் கொப்பியைத் திறந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

"பிரஷர் கூடியிருக்காம் வாப்பா. அவ்வளவுதான்," என்றேன்.

அவர் மூன்று மாதம் காத்திருந்தார். அந்த மூன்று மாதமும் வலையைத் தூக்கவில்லை, இருமல் வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பி நிற்பார். குளிசைகள் நான் எண்ணித் தருவதற்கு முன்பே அவர் கைக்குப் போய்விடும். டின் அலுமாரிக்கு மேலிருந்து அவர் தலைமாட்டுக்கு இறங்கிவிட்டது.

இதற்கிடையில் எனக்கு இன்னொரு பயம் வந்தது. முன்விறாந்தையில் இதுவரை நான் யார் யாருக்கு என்னென்ன சொன்னேன்? எண்ணிப் பார்த்தேன். ஒரு தாத்தா, இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர், வார்ஃபரின் போடுகிறவர். பல் பிடுங்கப் போகிறேன் என்று வந்து கேட்டார். "ரத்தக் குளிசையை ரெண்டு மூணு நாள் நிப்பாட்டிட்டுப் போங்க," என்று நான் சொல்லியிருந்தேன், யாரையும் கேளாமல். வார்ஃபரின் ஒரு விசித்திரமான மருந்து. 1920களில் வட அமெரிக்காவில் பூஞ்சணம் பிடித்த தீவனப் புல் தின்ற மாடுகள் சின்னக் காயத்திலும் ரத்தம் நில்லாமல் செத்தன. அந்தப் புல்லில் இருந்த பொருளைத் தேடிப் போனதில் பிறந்தது இது, 1948இல் எலிப் பாஷாணமாகக் கடைக்கு வந்தது, சில வருடத்தில் மனிதனுக்கு மருந்தானது. அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு 1955இல் மாரடைப்பு வந்தபோது கொடுத்தார்கள். கூடினால் ரத்தம் போகும், குறைந்தால் வால்வில் உறைந்து மூளைக்கு ஏறும். ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் கூட்டுவார்கள், குறைப்பார்கள். அந்த எண் அளவோடு இருந்தால் பல் பிடுங்குவதற்கு வார்ஃபரினைப் பெரும்பாலும் நிறுத்துவதே இல்லை, பிடுங்கிய இடத்தை அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்திக்கொள்வார்கள். அந்தத் தாத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நலமாக இருக்கிறார். சந்தையில் கண்டால், "சேர் சொன்னபடி செஞ்சேன், ஒரு சொட்டு ரத்தம் வரல்ல," என்கிறார். நான் சிரிக்கிறேன்.

ஒக்டோபரில் மறுபடி திகதி வந்தது. முன்னோடிக் கிளினிக்குக்கு என்னை வாப்பா கூப்பிடவில்லை. "உனக்கு ஸ்கூல் ஈக்கிதே," என்றார். என் மூத்த மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அவளுக்கு அப்போது பதினைந்து வயது, பள்ளியில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கிறாள், என்னைவிட நன்றாகப் பேசுவாள். பிறகு அவள் சொன்னாள்: மூத்தாப்பா டொக்டருக்கு முன்னால் ஐந்து உறையையும் மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டு, "இது? இது?" என்று கேட்டாராம். டொக்டர் சொல்லச் சொல்ல அவள் தமிழில் சொல்லியிருக்கிறாள். நிறுத்த வேண்டிய உறையை வலை முடியும் நைலோன் நூலால் கட்டி, ஏழு முடிச்சுப் போட்டு எடுத்து வந்தார். அது ஆணியில் தொங்கியது. ஒவ்வொரு காலையும் ஒரு முடிச்சை அவிழ்த்தார். அஸ்பிரின் நிற்கவில்லை. லோசார்டன் ஒப்பரேஷன் காலையில் மட்டும் விடுபட்டது. சின்ன வெள்ளைக் குளிசையை அன்று விடியற்காலையிலும் ஒரு மிடறு தண்ணீரோடு போட்டார். உள்ளே போகும்போது நாடி 64 என்று மிஸ்ஸி சொன்னார். முதுகில் ஊசி போட்டு, வலை வைத்துத் தைத்தார்கள். "எனக்கே வலை வச்சிட்டாங்க," என்று வீட்டுக்கு வந்து சிரித்தார்.

என்னை அவர் ஒன்றும் கேட்கவில்லை. இன்றுவரை இல்லை. அந்த ஒப்பரேஷனுக்குக் கிளினிக் கொப்பியை என்னிடம் தரவில்லை என்பதைத் தவிர, ஒரு சொல்லால்கூடக் காட்டவில்லை.

போன மாதம் மகள் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இங்கிலீஷும் இப்போது நன்றாக ஏறியிருக்கிறது. 2023 ஜூலைப் பக்கத்தில் விரலை வைத்து, "வாப்பா, மூத்தாப்பா ஒழுங்காத்தானே குளிசை போடுவாரு? இது ஏன் இப்படி எழுதி ஈக்கிது?" என்று கேட்டாள். வாப்பா முற்றத்தில் வலை முடிந்துகொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். கை நிற்கவில்லை.

"டொக்டர்மார்ட எழுத்து, மகள். யாருக்குத் தெரியும்," என்றேன்.

அன்று இரவுதான் இதை எழுதத் தொடங்கினேன். அச்சில் வந்தால் வாப்பாவால் வாசிக்க முடியாது. மகள்தான் வாசித்துக் காட்டுவாள்.